துப்பத் தெரியாத பிள்ளையின் பல்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை வளர்க்கும் வீட்டில் டாக்டர்களுக்குக் குறைவே இல்லை. நரம்பு டாக்டர், எலும்பு டாக்டர், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி என்று வாரம் ஓடிவிடும். காலைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், கழுத்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வாயைத் திறந்து பார்ப்பவர்கள் மட்டும் அபூர்வம். என் மகன் இப்போது ஏழாம் வகுப்பு வயதில் இருக்கிறான். கை, கால் நான்கிலும் இறுக்கம், கூடவே வலிப்பு, வெளியே போனால் வீல்சேர்தான். பேச்சு கிடையாது. ஆனால் நாம் பேசுவதெல்லாம் புரியும். பிடிக்காத ஆள் வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். அவன் பல்லோடு நாங்கள் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன். தெரபி சென்டர் வராந்தாவில் காத்திருக்கும் அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான்.

பல் பற்றி ஊரில் உலவும் அறிவுரை எதுவானாலும், பிள்ளைக்குத் துப்பத் தெரியும், ஒழுங்காக விழுங்கத் தெரியும், திற என்றால் வாயைத் திறக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. "வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க" என்பார்கள். கொப்பளிக்கத் தெரியாதவன் வாயில் ஊற்றினால் அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். ஆகவே யார் எதைச் சொன்னாலும், இதை இவன் துப்புவானா, புரையேறாமல் விழுங்குவானா, நடுவில் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்வேன். பல் டாக்டர் சொன்னாலும் சரி, மாமியார் சொன்னாலும் சரி.

முதலில் கடியைப் பற்றி. பல்லிலோ ஈறிலோ ஏதாவது பட்டவுடன் தாடை டக்கென்று மூடிக்கொள்ளும் பழக்கம் இந்தப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு உண்டு. பழக்கம் என்று சொல்வதே தப்பு. அது அவர்கள் விருப்பத்தில் நடப்பதில்லை. கைக்குழந்தைக்கு உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி அனிச்சையாக நடப்பது. விரல் மாட்டிக்கொண்டால் யாருக்கும் இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் பிடி இன்னும் இறுகும், கூடவே பல்லும் அசையும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பேச்சுப் பயிற்சியாளர் அம்மா ஒரே வரியில் சொன்னார்: "இழுக்காதீங்க, கத்தாதீங்க, தலையை நடுவுல கொண்டு வந்து தாடையை லேசா கீழ இறக்குங்க, காத்திருங்க." தலை பின்னால் சாய்ந்திருந்தால் உடம்பு முழுவதும் விறைக்கும், தாடையும் சேர்ந்து விறைக்கும். தலை நேராகி மோவாய் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறங்கியதும் இறுக்கம் தளரும். தளர்ந்த நொடியில் விரலை எடுத்துக்கொள்ளலாம். இடையில் கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். நெம்பினால் உடைவது பல்தான்.

இதனால் எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் வந்தன. விரல் ஒருபோதும் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் போகாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள சந்தில் விரலை விட்டுக் கன்னத்தை ஒதுக்கினால் கடிக்க வழியில்லை. சாப்பாடு ஊட்ட எவர்சில்வர் ஸ்பூன் இல்லை, ஐஸ்கிரீம் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பூனும் இல்லை. முதலாவது பல்லைச் சில்லாக்கும், இரண்டாவது வாய்க்குள்ளேயே உடையும். தடித்த சிலிக்கான் ஸ்பூன் ஒன்று வைத்திருக்கிறோம், கல்யாணத்துக்குப் போனாலும் அது கூடவே வரும்.

பல் தேய்ப்பது குளியலறையில் நடப்பதில்லை. வீல்சேரில் உட்கார வைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நான் பின்னால் நின்று அவன் தலையை என் இடது கையோடு அணைத்துக்கொள்வேன். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சட்டென்று தொட்டால் தூக்கிவாரிப்போட்டு மொத்த உடம்பும் விறைத்துவிடும். முதலில் கன்னம், அப்புறம் உதடு, அப்புறம்தான் பிரஷ். தலை சின்னதாக, நார் மெத்தென்று இருக்கும் பிரஷ் போதும். இன்னொரு பழைய பிரஷின் காம்பில் ரப்பர் குழாய் சுற்றி வைத்திருக்கிறோம். அதை ஒரு பக்கக் கடைவாயில் கடிக்கக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்ப்பேன். பேஸ்ட் ஒரு அரிசி அளவுதான். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் பல்லுக்கு நல்லது. ஆனால் துப்பாத பிள்ளை வைத்தது அத்தனையையும் விழுங்கும், நுரை பொங்கினால் புரையேறும். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியை விரலில் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு துடை. மேல் அண்ணம் இவர்கள் பலருக்குக் குழிவாக இருக்கும். குழைந்த சாதமும் ராகிக் கஞ்சியும் அங்கே ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பதுண்டு. அங்கேயும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

மருந்து விஷயம் யாரும் சொல்லித்தராதது. வலிப்புக்கான சிரப்புகளில் பல இனிப்பானவை, அதையும் ராத்திரி தூங்கும் முன்தான் கொடுக்கிறோம். தூக்கத்தில் எச்சில் குறைவு. இனிப்பு பல்லிலேயே கிடக்கும். எங்கள் வீட்டில் வரிசையை மாற்றிவிட்டோம்: மருந்து முதலில், பிரஷ் கடைசியில். விறைப்புக்கும் முறுக்கலுக்கும் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், எச்சில் வடிவதைக் குறைக்கத் தரும் கிளைகோபைரோலேட் இரண்டுமே வாயை உலர்த்தும். வாய் உலர்ந்தால் சொத்தை சீக்கிரம் வரும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன் சாப்பிடும் பிள்ளைகள் பலருக்கு ஈறு வளர்ந்து பல்லை மூடிவிடும். இவனுக்கும் ஒரு காலத்தில் முன்பல் பாதி ஈறுக்குள் இருந்தது. வாய் சுத்தமாக இருந்தால் அந்த வளர்ச்சி குறைவாக இருக்கும். மருந்தை மாற்றுவதா என்பது நரம்பு டாக்டர் முடிவு. ஈறைப் பார்த்துப் பயந்து நாமே மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து ஐ.சி.யு.வில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பேச்சில்லாத பிள்ளைக்குப் பல் வலி வந்தால் எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் உண்மை, டாக்டர்களுக்கும் தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் திடீரென்று ராத்திரியில் அழ ஆரம்பித்தான். கால் இறுக்கம் கூடியது, பிசியோவில் மடக்கவே விடவில்லை. வலிப்பும் அடிக்கடி வந்தது. நரம்பு டாக்டர் மருந்தைக் கூட்டினார். எலும்பு டாக்டர் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார். குழந்தை டாக்டர் மலச்சிக்கல் என்றார், அதுவும் இருந்தது. பள்ளியில் நடந்த ஒரு முகாமில் பல் மருத்துவம் படிக்கும் ஒரு பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டும் உள்ளே வரைக்கும் போயிருச்சு" என்றாள். வலி இருந்தால் இறுக்கம் கூடும், வலிப்பும் கூடலாம். பழையபடி இருந்த பிள்ளை காரணமில்லாமல் மாறினால் காது, இடுப்பு, வயிறு பார்க்கும் பட்டியலில் பல்லையும் சேருங்கள். ஒரே பக்கக் கன்னத்தில் அடித்துக்கொள்வது, ஸ்பூனைக் கண்டால் தலையைத் திருப்புவது, எச்சில் திடீரென்று கூடுவது, நாற்றம், காதைத் தேய்ப்பது எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

அந்தச் சமயத்தில் அத்தை கிராம்புத் தைலம் வைக்கச் சொன்னார். அவர் பிள்ளைகளுக்கு அது கேட்டிருக்கிறது, அவர் சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பஞ்சில் நனைத்துக் கடைவாயில் வைத்தால் இவன் பஞ்சோடு விழுங்குவான். கிராம்புத் தைலம் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் வலிப்பும் வரலாம், கல்லீரலும் கெடலாம். கற்பூரம் அதைவிட மோசம். கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பைக் கிளப்பிவிடும். மருந்துக்கடையில் தரும் மரத்துப்போகும் ஜெல்லும் வேண்டாம். அது தொண்டைக்கு இறங்கினால் விழுங்குவது இன்னும் கெடும். எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்ப்பதுதான் வழி. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக் கணக்கு. உங்கள் பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். நடுராத்திரியில் கணக்குப் போட வராது.

அவனுக்கு முழு மயக்க மருந்து கொடுத்து ஒரே அமர்வில் எல்லாப் பல்லையும் பார்த்தார்கள். இரண்டைப் பிடுங்கி, மற்றவற்றை அடைத்து, சிலவற்றுக்கு ஸ்டீல் தொப்பி போட்டார்கள். மயக்க மருந்து என்றாலே சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நாலு பேர் பிடித்து அமுக்கிப் பல் பிடுங்குவதில் உள்ள ஆபத்து அதைவிடக் குறைவில்லை; அழுதுகொண்டே ரத்தமும் எச்சிலும் உள்ளே இழுக்கிற பிள்ளைக்கு நிமோனியா வரப் பெரிய தூரம் இல்லை. மயக்க மருந்து டாக்டரிடம் நாமே சொல்ல வேண்டியவை சில உண்டு. அடிக்கடி சளி கட்டுமா, சாப்பிட்டது எதுக்களிக்குமா, கழுத்து எவ்வளவு திரும்பும், எந்தக் கையோ காலோ நீட்ட வராது, தலையில் ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்க வைக்கும் குழாய்) இருக்கிறதா என்பதெல்லாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம் என்பதால் பல் பிடுங்கும் முன் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எடுக்காவிட்டால் கேளுங்கள்.

வெறும் வயிறு என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாப்பாடும் பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை தரலாம் என்பது பொதுவான கணக்கு. நர்ஸ் "எதுவும் கொடுக்கக் கூடாது" என்றால் பல அம்மாக்கள் காலை வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. தசை இறுக்கம் தளரத் தரும் பாக்லோஃபென் திடீரென்று நின்றாலும் ஆபத்து, அதுவே வலிப்பைக் கொண்டுவரும். எந்த மருந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீரில் தரலாம் என்று மயக்க மருந்து டாக்டர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு உதடும் கன்னமும் உணர்ச்சியில்லாமல் இருக்கும். இவன் உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வான். அன்றைக்கு முறைபோட்டு வாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

இனி விபத்து. போன வருடம் ஒரு கல்யாண மண்டபம். சரிவுப் பாதை வைத்திருந்தார்கள், பேருக்கு. உதவி செய்கிறேன் என்று ஒரு உறவுக்காரர் வீல்சேரை முன்பக்கமாகவே இறக்க, முன்சக்கரம் சரிவு முடியும் இடத்தில் இருந்த பள்ளத்தில் மாட்டி, வண்டி அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. பெல்ட் போட்டிருந்ததால் பையன் வண்டியோடு சேர்ந்து விழுந்தான், முகம் சிமெண்டில். சரிவில் வீல்சேர் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும், அதுவும் பழகிய கையோடு. இப்போது வேறு யாரும் தொட வந்தால் வெட்கமில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

நிமிர்த்தியபோது வாய் முழுக்க ரத்தம். மேல் முன்பல் ஒன்று காணோம், பக்கத்துப் பல் பாதி. கூடியவர்கள் படுக்க வைக்கச் சொன்னார்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தமும் எச்சிலும் பல் துண்டும் எங்கே போகும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. உட்கார்ந்தபடியே முன்னால் சாய்த்துப் பிடித்தோம். வடிவது வெளியே வடியட்டும். உட்கார முடியாத பிள்ளையாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். விரலை விட்டுத் துழாவவில்லை. கடிப்பான், துண்டு இருந்தாலும் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். பஞ்சு உருண்டை வைக்கச் சொன்னார்கள், அதையும் வைக்கவில்லை. என் கணவரின் துண்டை நன்றாக மடித்து, முனை வெளியே தொங்கும்படி, உதட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். விழுங்க முடியாத அளவு பெரிய துணி, ஒரு முனை எப்போதும் நம் கையில் இருக்க வேண்டும்.

பல் கிடைத்தது. எடுத்த பையன் குழாயடியில் தேய்த்துக் கழுவ ஓடினான். நல்லவேளை என் தம்பி பிடித்துவிட்டான். விழுந்தது நிரந்தரப் பல்லாக இருந்தால் அதன் வேரைத் தொடவே கூடாது. வேரின் மேல் உயிருள்ள செல்கள் ஒட்டியிருக்கும், பல் திரும்பப் பிடிப்பது அவற்றால்தான். வெண்மையாகத் தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடித்து, மண் இருந்தால் தண்ணீரிலோ பாலிலோ சில வினாடி அலசி, குளிர்ந்த பாலில் போட வேண்டும். மண்டபச் சமையற்கட்டில் பால் பாக்கெட்டுக்குப் பஞ்சமா? காபிக்குக் கொதிக்கும் பாலை ஒருவர் டம்ளரில் கொண்டுவந்தார், அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பாக்கெட்டைப் பிரித்தோம். சாதாரணப் பிள்ளையாக இருந்தால் அங்கேயே பல்லைக் குழிக்குள் சரியாகச் செருகிக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்வதுதான் முதல் சிகிச்சை. இல்லையென்றால் எச்சிலில் ஊறட்டும் என்று கன்னத்துக்குள் ஒதுக்கச் சொல்வார்கள். செல்போனில் பார்த்து யாரோ அதைத்தான் செய்யச் சொன்னார்கள். இவனுக்கு இரண்டுமே ஆகாது. செருகிய பல் அடுத்த விறைப்பில் கழன்று நேராக உள்ளே போய்விடும். பால்பல்லாக இருந்தால் யாருக்குமே திரும்பச் செருகக் கூடாது, கீழே வளரும் பல் கெட்டுவிடும்.

அருகில் இருந்த ஒரு பல் கிளினிக்குக்கு ஓடினோம். வாசலிலேயே, "இந்த மாதிரிக் குழந்தைக்கு இங்க வசதி இல்லைங்க" என்று சொல்லிவிட்டார்கள். துணி நனைந்துகொண்டிருந்தது. ஒரு கட்டுத் துணியாவது கொடுத்திருக்கலாம். அங்கிருந்தே எங்கள் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். மயக்க மருந்து சிகிச்சைக்குப் பிறகு தொடர்ந்து பார்ப்பவர், இவனைத் தெரிந்தவர். அவர் பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மூச்சு சாதாரணமா இருக்கா? இருமுறானா? வாந்தி எடுத்தானா? நேரா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போங்கம்மா, நான் அங்க வர்றேன். பல் அப்புறம்" என்றார்.

கேஷுவாலிட்டியில் தலைக்காயத்தை முதலில் பார்த்தார்கள். "நினைவு சரியா இருக்கா?" என்று டியூட்டி டாக்டர் என்னைத்தான் கேட்டார். பெயர் சொல்லத் தெரியாத, கை தூக்க வராத பிள்ளையிடம் வழக்கமான கேள்விகள் உதவாது. இவனுடைய சாதாரண நிலை எது என்பது வீட்டு ஆளுக்கு மட்டும்தான் தெரியும். என் குரலுக்குக் கண்ணைத் திருப்புகிறான், அப்பாவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறான் என்று சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்டார்கள்.

பாதி உடைந்த பல்லின் மீதித் துண்டு எங்கே? மண்டபத்தில் தேடியும் கிடைக்கவில்லை. காணாமல் போன துண்டு நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பல் எக்ஸ்ரேயில் தெரியும். இருமல் இல்லையே என்று விட்டுவிட முடியாது, இவர்களில் சிலருக்கு இருமும் வேகமே குறைவு. நெஞ்சில் ஒன்றும் இல்லை. எங்கள் டாக்டர் வந்து கீழ் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். துண்டு வீங்கிய உதட்டுச் சதைக்குள்ளேயே இருந்தது. தையல் போடும் முன் பார்த்ததால் தப்பித்தோம்.

பாலில் கிடந்த பல்லை அவர் திரும்ப வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் இன்றுவரை இதற்காக என்னைக் கேட்கிறார்கள். அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. "வச்சா ரெண்டு வாரம் பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கம்பி ஒட்டி நிறுத்தணும். அதுக்குள்ள வேர் சிகிச்சை ஆரம்பிக்கணும், அதுக்கு மறுபடி மயக்க மருந்து. இடையில ஒரு வலிப்பு வந்து கம்பியோட கழன்றா, அது எங்க போகும்னு யோசிங்க." சர்வதேசப் பல் காயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலிலும், ஒத்துழைக்க முடியாத நோயாளி, மயக்கம் தந்தே பார்க்க வேண்டிய அளவு கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் போன்ற சிலருக்குப் பல்லைத் திரும்ப வைக்காமல் விடலாம் என்று இருக்கிறது. அதற்காக சிபி, அதாவது மூளை முடக்குவாதம், என்றாலே பல்லை வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கால் மட்டும் இறுகி, வாய் நன்றாக இயங்கி, சொன்னதைச் செய்யும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே வைக்கலாம். அவர்களுக்கு நேரம்தான் முக்கியம். பல் காய்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் வேரின் செல்கள் பிழைக்காது. அதனால் வைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், பாலில் போடுவது நம் வேலை.

முன்பல் இடைவெளியோடு இப்போதும் அழகாகத்தான் இருக்கிறான். கழற்றி மாட்டும் செயற்கைப் பல் இவனுக்கு வேண்டாம் என்று டாக்டரும் நாங்களும் சேர்ந்தே முடிவு செய்தோம். தூக்கத்தில் விழுங்கிவிட்டால் யார் பதில் சொல்வது?

வலிப்பின்போது வாய்க்குள் ஒன்றும் வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் போதாது. நாக்கை விழுங்கிவிடுவான் என்பார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஸ்பூன் வைத்தால் பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாயை அடைக்கும். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் நோவு இல்லை, பலனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்கும் நேரத்தை அது தின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். மணி பார்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயை அடித்துவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும். வலிப்பு அடங்கி நன்றாகத் தெளிந்த பிறகு வாயை ஒருமுறை பாருங்கள்: நாக்கில் கடி, அசையும் பல், உடைந்த முனை. ஆட்டமாக ஆடும் பால்பல் இருந்தால் அது தானாக விழட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. தூக்கத்தில் விழுந்தால் உள்ளே போய்விடும் என்பதால் டாக்டரிடம் எடுத்துவிடச் சொல்வேன்.

கன்ன வீக்கத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொத்தைப் பல்லோடு காய்ச்சல், வீக்கம் கண் வரைக்கும் ஏறுவது அல்லது தாடைக்கு அடியில் இறங்குவது, எச்சிலைக்கூட விழுங்காமல் வடியவிடுவது, மூச்சில் சத்தம் எல்லாம் அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள். வழக்கமாகவே எச்சில் வடியும் பிள்ளையிடம் இந்த வித்தியாசத்தை நாம்தான் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம், பிளாஸ்டிக் உறை போட்டு. எடை, மருந்துகள், அளவு, கடைசி வலிப்பு, ஒவ்வாமை, எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் விறைக்கும், ஆம், இல்லை என்பதைக் கண்ணால் எப்படிக் காட்டுவான் என்பது வரை அதில் இருக்கும். கேஷுவாலிட்டியில் அந்தத் தாள் எனக்குப் பதிலாகப் பேசியது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: குழந்தைகளுக்கென்று மேற்படிப்பு படித்த பல் மருத்துவரைத் தேடுங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. என்று சொல்லப்படும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் 18 வயது வரை பார்ப்பார்கள். பல் பிரச்சினையும் அவர்கள் பரிசோதிக்கும் பட்டியலில் உண்டு. ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு மூளை முடக்குவாதத்துக்கும் பொருந்தும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பல் தடுப்பு சிகிச்சையும் சேர்த்து. ஊனமுற்றோர் சான்று எடுக்கும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

வலி வந்த பிறகு போகாமல், வலி இல்லாதபோது ஒருமுறை சும்மா போய் வாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் பார்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தால் போதும். நாற்காலியை முழுக்கச் சாய்க்க வேண்டாம், முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைக்கலாம், வீல்சேரிலேயே வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வாய் திறந்திருக்க வைக்கும் ரப்பர் கட்டையில் நூல் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கட்டாவிட்டால் கட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவது சில நிமிட வேலைதான். சின்னச் சொத்தைக்கு வெள்ளி கலந்த ஒரு திரவம் தடவுகிறார்கள். துளை போடாமலே சொத்தை நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. கடைவாய்ப் பல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் சரி சொல்லிவிட்டேன். காலை முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். காத்திருந்து களைத்துப்போன பிள்ளை வாயைத் திறக்காது.